மேகக்கருவை எண்ணுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேகம் உண்டாகக் காற்றில் ஈரம் வேண்டும், அந்தக் காற்று மேலெழுந்து குளிர வேண்டும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். மூன்றாவதாகவும் ஒன்று வேண்டும். நீராவி வந்து படிவதற்கு ஒரு துகள் வேண்டும். துகளே இல்லாமல் வடிகட்டிய காற்றைக் குளிர வைத்தால், அது தாங்கக்கூடிய ஈரத்தைப்போல நான்கு மடங்கு சேர்ந்த பிறகும் அதில் மேகம் எழுவதில்லை. அப்போது மின்னேற்றம் பெற்ற அயனிகள் மேல் மட்டும் சில துளிகள் தோன்றும். அடர்ந்த மூடுபனி எழ ஏறக்குறைய எட்டு மடங்கு ஈரம் வேண்டும். நம் தலைக்கு மேலே போகும் மேகத்துக்குள் நிலைமை வேறு. அங்கே ஒப்பு ஈரப்பதம் 101 விழுக்காட்டைத் தொடுவதே அரிது. பெரும்பாலும் 100.1 முதல் 100.5 வரைதான். நூற்றுக்கு மேலே இருக்கும் அந்தச் சிறு மிகுதியை மீதெவிட்டல் என்கிறோம். அவ்வளவு குறைந்த மீதெவிட்டலிலேயே துளி பிறக்கிறது என்றால், அதற்கு இடம் கொடுத்த துகள்தான் காரணம். அந்தத் துகளை இந்த உரை முழுவதும் மேகக்கரு என்று அழைக்கிறேன்.

ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் எத்தனை மேகக்கரு இருக்கிறது? கேட்பதற்கு எளிய கேள்வி. இதற்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டாக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த எண்ணிக்கையிலேயே கழிந்தது என்பதால், கோட்பாட்டை விட்டுவிட்டுக் கருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் ஊரில் பிறந்த ஜான் எய்ட்கன் கப்பல் பொறியியல் பயின்றவர். உடல்நலம் இடங்கொடுக்காததால் அந்தத் தொழிலை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஆய்வகம் அமைத்து, கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொண்டார். சாதாரணக் காற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து ஈரமாக்கி, சட்டென்று விரிவடையச் செய்தால் உள்ளே மூடுபனி எழுகிறது. அதே காற்றைப் பஞ்சில் வடிகட்டிய பிறகு விரித்தால் கலம் தெளிவாகவே இருக்கிறது. பிரெஞ்சு மருந்தியலாளர் கூலியே இதை 1875இலேயே கண்டிருந்தார். எய்ட்கன் அதை அறியாமல் 1880இல் தாமாகவே கண்டடைந்தார். எய்ட்கனின் பெருமை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தூசியால் மூடுபனி எழுகிறது என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தவில்லை. எத்தனை தூசி என்று கேட்டார்.

அதற்கு அவர் செய்த ஏற்பாட்டை இயற்பியல் மாணவர்கள் ஒரு முறையாவது படம் வரைந்து பார்க்க வேண்டும். கலத்தின் அடியில் வெள்ளி பூசிய ஒரு சிறு தகடு. அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டங்கள். தகட்டுக்கும் கலத்தின் மேற்கூரைக்கும் சரியாக ஒரு சென்டிமீட்டர் உயரம். வடிகட்டிய காற்றோடு அளவறிந்து கொஞ்சம் வெளிக்காற்றைக் கலந்து, பம்பை இழுத்து விரித்தால், ஒவ்வொரு துகளும் ஒரு துளியாகிக் கீழே விழும். ஒரு கட்டத்தில் விழுந்த துளிகளைப் பூதக்கண்ணாடி வழியாக எண்ண வேண்டும். அந்தக் கட்டத்துக்கு மேலே இருந்த காற்றின் கன அளவு பத்துக் கன மில்லிமீட்டர். ஆகவே எண்ணிக்கையை நூறால் பெருக்கி, கலந்த விகிதத்துக்கும் திருத்தினால், ஒரு கன சென்டிமீட்டர் காற்றிலுள்ள துகள்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். லேசர் இல்லாத காலத்தில் கண்ணுக்கே தெரியாத ஒன்றை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டார். இதைவிட அழகான அளவீட்டை நான் கண்டதில்லை.

அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் போகாத இடமில்லை. பென் நெவிஸ் மலையுச்சி, சுவிட்சர்லாந்தின் ரிகி மலை, அப்போதுதான் கட்டி முடித்திருந்த ஈஃபெல் கோபுரம் என்று பல இடங்களில் எண்ணினார். ஊருக்குள் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் துகள்கள், மலையுச்சியில் சில நூறு என்ற வேறுபாட்டை முதலில் எண்ணில் எழுதியவர் அவர்தான். 1894இல் அதே பென் நெவிஸ் வானிலை நிலையத்துக்குச் சில வாரங்கள் பணிக்கு வந்த சி.டி.ஆர். வில்சன், மேகத்தின்மேல் சூரிய ஒளி உண்டாக்கிய வண்ண வளையங்களைக் கண்டு, அதை ஆய்வகத்தில் செய்து பார்க்க விரும்பினார். அந்த முயற்சி அணுத்துகள்களின் தடம் காட்டும் மேக அறை என்ற கருவியாகி அணு இயற்பியலுக்குப் போய், 1927இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. துகளில்லாத காற்றில் நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று சற்று முன் சொன்னேனே, அவை வில்சன் கண்ட எண்கள்.

ஆனால் எய்ட்கன் எண்ணியது மேகக்கருவை அன்று. அவருடைய கலத்தில் காற்று சட்டென விரிவடையும்போது மீதெவிட்டல் மிகப் பெரிதாகிவிடுகிறது. எவ்வளவு சிறிய துகளும், தண்ணீரோடு ஒட்டாத கரித்துகளும்கூட, அந்த நெருக்கடியில் துளியாகிவிடும். மேகத்துக்குள் அப்படி இல்லை. அங்கே கிடைக்கும் 0.2 அல்லது 0.3 விழுக்காட்டு மீதெவிட்டலில் எல்லாத் துகளும் துளியாகாது. எது ஆகும், எது ஆகாது என்பதற்கான கணக்கைச் சுவீடன் நாட்டு ஹில்டிங் கோலர் 1936இல் முழுமையாக எழுதினார்.

அந்தக் கணக்கில் இரண்டு விளைவுகள் எதிரெதிராக நிற்கின்றன. துளி மிகச் சிறிதாக இருந்தால் அதன் பரப்பு அதிகமாக வளைந்திருக்கும். வளைந்த பரப்பிலிருந்து நீர் மூலக்கூறுகள் எளிதாகத் தப்பிவிடும். இது இயற்பியலாளர் கெல்வின் சொன்னது. துளிக்குள் உப்பு கரைந்திருந்தால் நீர் மூலக்கூறுகள் தப்புவது குறையும். இது வேதியியலாளர் ரவூல் சொன்னது. இரண்டையும் சேர்த்து வரைந்தால் ஒரு மேடு வருகிறது. அந்த மேட்டைத் தாண்டும் அளவுக்கு மீதெவிட்டல் கிடைத்த துகள் அதன்பிறகு தானாகவே வளர்ந்து மேகத்துளியாகிறது. தாண்டாதது வெறும் ஈரத்துகளாக, பார்வையை மறைக்கும் மங்கலாக, கீழேயே நின்றுவிடுகிறது. 100 நானோமீட்டர் விட்டமுள்ள அம்மோனியம் சல்பேட் துகளுக்கு இந்த மேடு சுமார் 0.15 விழுக்காடு. அதே பொருளில் 50 நானோமீட்டர் துகளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வேண்டும். கடல் உப்பு இன்னும் எளிதாகத் தாண்டும். புதிதாக வெளிவந்த டீசல் கரி எளிதில் தாண்டாது.

ஆகவே, "இந்த ஊர்க் காற்றில் எத்தனை மேகக்கரு?" என்று கேட்டால் அந்தக் கேள்வி பாதிதான். "எந்த மீதெவிட்டலில்?" என்பதையும் சேர்த்தால்தான் விடை சொல்ல முடியும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செயற்கை மழை பற்றியும் மாசு பற்றியும் நாளிதழ்களில் வரும் பல எண்களில் அந்த இரண்டாவது பாதி இருப்பதே இல்லை. மீதெவிட்டலைச் சொல்லாத மேகக்கரு எண் எதற்கும் பயன்படாது.

ஒரு துகள் மேகக்கருவா இல்லையா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அளவு, வேதிப்பொருள், கலப்பு எல்லாம் தெரிந்தால் ஓரளவு கணக்கிடலாம். உறுதியாக அறிய வேண்டுமென்றால் அதை ஒரு மேகத்துக்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆகவே மேகக்கருவை அளக்கும் கருவி என்பது, கட்டுப்பாட்டில் உள்ள ஒரு சிறு மேகத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கும் கருவி. இதில் ஒரு பெரிய இடர் இருக்கிறது. நல்ல ஈரப்பத உணரிகூட ஒன்றிரண்டு விழுக்காடு பிசகும். நமக்கோ 0.3 விழுக்காட்டைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். நேரடியாக அளக்கவே முடியாத ஒன்றை நிலையாக வைத்திருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது?

தொடக்க காலத்தில் செய்த வழி இது. நனைத்த இரண்டு தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சிறு இடைவெளியில் வைக்க வேண்டும். மேல்தட்டு சூடு, கீழ்த்தட்டு குளிர்ச்சி. இடையில் வெப்பநிலை சீராக மாறும், ஆவியும் சீராக மாறும். ஆனால் காற்று தாங்கக்கூடிய ஆவியின் அளவு வெப்பநிலையோடு வளைகோடாக ஏறுவதால், நடுவில் உள்ள காற்றுக்குத் தன் தாங்குதிறனைவிடச் சற்று அதிக ஆவி கிடைத்துவிடும். அங்கே துளிகள் தோன்றும். ஒளிப்படம் எடுத்தோ சிதறும் ஒளியை அளந்தோ எண்ணலாம். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர் ஷான் டூமி இந்த வகைக் கருவிகளை வளர்த்தெடுத்து, மீதெவிட்டல் கூடக் கூட மேகக்கரு எப்படிக் கூடுகிறது என்பதற்கு 1959இல் ஒரு எளிய சூத்திரமும் தந்தார். இன்றும் மேக மாதிரிகளில் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் இந்தத் தட்டுக் கலத்தில் ஒரு மடக்குக் காற்றை எடுத்து, துளி வளர்ந்து விழும்வரை காத்திருந்து, மறுபடி அடுத்த மடக்கு எடுக்க வேண்டும். மேகத்தை ஊடுருவிப் பறக்கும் விமானத்துக்கு இந்த வேகம் போதாது.

இன்று உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் அடிப்படையைக் கிரெக் ராபர்ட்ஸும் அதனாசியோஸ் நெனெஸும் 2005இல் வெளியிட்டார்கள். அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஏறக்குறைய ஒரு முழ நீளத்தில் நிமிர்ந்து நிற்கும் குழாய். உட்சுவரில் மேலிருந்து தண்ணீர் மெதுவாகக் கசிந்து, சுவர் எப்போதும் நனைந்தே இருக்கும். குழாயின் மேற்பகுதி குளிர்ச்சி, கீழே போகப் போகச் சூடு. காற்று மேலிருந்து கீழே, கொஞ்சமும் சுழலாமல், நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவில் இறங்குகிறது. சுவரிலிருந்து வெப்பமும் ஆவியும் நடுமையத்தை நோக்கிப் பரவுகின்றன. காற்றில் நீராவி வெப்பத்தைவிடச் சற்று வேகமாகப் பரவும். அந்தச் சிறு வேக வேறுபாடுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி. மையத்தில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்து சேரும் வெப்பம், சுவரின் மேற்பகுதியிலிருந்து, அதாவது குளிர்ந்த இடத்திலிருந்து, முன்பே கிளம்பியது. அங்கே வந்து சேரும் ஆவி, சற்றுக் கீழே, சூடான இடத்திலிருந்து கிளம்பியது. சூடான சுவருக்குரிய ஆவி வந்துவிட்டது, அதற்குரிய சூடு இன்னும் வரவில்லை. மையத்தில் காற்று மீதெவிட்டிய நிலையில் இருக்கிறது. மேலும் கீழும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைக் கூட்டினால் மீதெவிட்டல் கூடும், குறைத்தால் குறையும். 

நாம் அளக்க விரும்பும் காற்று இந்த ஓட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதை மெல்லிய இழையாக நடுமையத்தில் மட்டும் விட்டு, சுற்றிலும் வடிகட்டிய ஈரக்காற்றைப் போர்வையாக ஓட விடுகிறார்கள். அப்போதுதான் எல்லாத் துகளும் ஒரே மீதெவிட்டலைச் சந்திக்கும். குழாயின் அடியில் ஒரு லேசர் கற்றை. அதைக் கடக்கும் ஒவ்வொரு துளியும் ஒரு மின்னலாகப் பதிவாகும். ஒரு மைக்ரானுக்கு மேல் வளர்ந்தது துளி, வளராதது வெறும் துகள்.

இந்தக் கருவி திரையில் காட்டும் மீதெவிட்டல் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நம் மாணவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. அம்மோனியம் சல்பேட் கரைசலைத் தெளித்து, உலர்த்தி, மின்புலத்தின் உதவியால் ஒரே அளவுள்ள துகள்களை மட்டும் பிரித்தெடுத்து, இந்தக் குழாய்க்குள் விட வேண்டும். பக்கத்தில் எல்லாத் துகளையும் எண்ணும் மற்றொரு கருவி ஓட வேண்டும். 40 நானோமீட்டர், 50, 60 என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் துகள்களில் சரிபாதி துளியாகும். அந்த அளவுக்குக் கோலர் கணக்கு சொல்லும் மீதெவிட்டல்தான் குழாய்க்குள் உண்மையில் இருக்கும் மீதெவிட்டல். திரையில் 0.40 என்று எழுதியிருந்தாலும் உண்மை 0.36 ஆக இருக்கலாம். மலை உச்சிக்குக் கொண்டுபோனால் காற்றழுத்தம் குறைந்து எண் மறுபடி மாறும். விமானத்தில் அழுத்தத்தை நிலையாக வைக்கத் தனி ஏற்பாடே வேண்டும். ஒரு மீதெவிட்டலிலிருந்து அடுத்ததற்கு மாற்றியதும் குழாய் நிலைபெறச் சில நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களின் தரவைக் கூசாமல் நீக்கிவிட வேண்டும்.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கே உரிய சங்கடமும் உண்டு. வெளியே ஆனி மாதப் புழுக்கம், கருவி இருப்பது ஏசி அறையில். வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் அறைக்குள் நுழைந்ததும் உட்சுவரில் நீர் கோத்துவிடும். துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை குறையும், கருவி சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆகவே காற்றை உள்ளே விடுவதற்கு முன்பே உலர்த்தியாக வேண்டும். மின்தடைக்குப் பிறகு குழாய் ஒழுங்குக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். இந்தச் சில்லறை வேலைகளில்தான் அளவீட்டின் நேர்மை இருக்கிறது.

எல்லாம் சரியாக ஓடும்போது திரையில் காண்பது நெஞ்சை நிறைக்கும் காட்சி. சாலையோரக் கட்டடத்தில் இரண்டு கருவிகளும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரி கடந்து போகிறது. எல்லாத் துகளையும் எண்ணும் கருவியில் கோடு செங்குத்தாக எழுந்து பல்லாயிரத்தைத் தாண்டுகிறது. 0.2 விழுக்காட்டில் மேகக்கருவை எண்ணும் கோடு ஏறக்குறைய அசைவதே இல்லை. புதுக்கரி மிகச் சிறியது, தண்ணீரோடு ஒட்டாதது. அதே கரி காற்றில் நாள்கணக்கில் மிதந்து, அதன்மேல் சல்பேட்டும் கரிமப் பொருள்களும் படிந்த பிறகு மேகக்கருவாக மாறும். கடற்கரை ஊரில் பிற்பகலில் கடற்காற்று நுழையும்போது நிலைமை தலைகீழ். மொத்தத் துகள் எண்ணிக்கை சரிந்து விழும். ஆனால் இருப்பவற்றில் மேகக்கருவாகும் பங்கு உயரும். தூசி அதிகம் என்றால் மேகக்கருவும் அதிகம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த இரண்டு கோடுகளைக் காட்டினால் போதும்.

இந்த எண்ணால் மழைக்கு என்ன? மேகத்தில் இருக்கும் தண்ணீரின் அளவை ஈரமும் மேலெழும் காற்றும் தீர்மானிக்கின்றன. அந்தத் தண்ணீர் எத்தனை துளிகளாகப் பிரியும் என்பதை மேகக்கரு தீர்மானிக்கிறது. நூறு பேருக்கு வைத்த சாம்பாரை ஆயிரம் பேர் பந்தியில் ஊற்றினால் இலைக்கு ஒரு சொட்டுதான் விழும். துளிகள் இரட்டித்தால் ஒவ்வொன்றின் விட்டமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், மொத்தப் பரப்பு கால் பங்கு கூடும். பரப்பு கூடினால் மேகம் சூரிய ஒளியை அதிகம் திருப்பியனுப்பும். இதை டூமி 1974இல் எழுதினார். மறுபக்கம், இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக 20 மைக்ரான் மேகத்துளிகள் பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும். துளிகள் சிறியவையாகவும் ஒரே அளவிலும் இருந்தால் ஒன்றோடொன்று மோதி இணைவது மிகவும் தாமதமாகும். மழை தாமதமாகும் என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம். மழை குறையும் என்று சொல்வதற்கு இன்னும் நிறையச் சான்று வேண்டும்.

அந்த இடைவெளியைக் காட்ட ஆஸ்திரேலியாவின் கரும்பு வயல்களுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். குயின்ஸ்லாந்தில் வெட்டுக்கு முன் கரும்புச் சோகையைக் கொளுத்துவது வழக்கமாக இருந்தது. வார்னர் என்ற ஆய்வாளரும் டூமியும் அந்தப் புகைக்குள்ளும் அதன் அருகிலும் விமானத்தில் பறந்து, 1967இல் முடிவை வெளியிட்டார்கள். புகையில் மேகக்கரு கூடியிருந்தது. அதை உள்ளிழுத்த மேகங்களில் துளிகள் கூடியிருந்தன, சிறுத்தும் இருந்தன. கோட்பாடு சொன்னது அப்படியே கண்முன் நின்றது. அடுத்த ஆண்டு வார்னர், புகை போகும் திசையிலுள்ள பண்டபெர்க் பகுதியின் ஏறக்குறைய அறுபது ஆண்டு மழைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். கரும்புத் தொழில் பெருகப் பெருக வெட்டுக் காலத்து மழை கால் பங்கு அளவுக்குக் குறைந்திருப்பதாகத் தெரிந்தது. உலகமே கவனித்தது. பின்னர் பிற இடங்களின் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்த அதே வார்னர், புகைதான் மழையைக் குறைத்தது என்ற முடிவுக்குப் போதிய சான்று இல்லை என்று 1971இல் எழுதினார். தாம் சொன்னதால் புகழ் வந்த பிறகும், சான்று போதாது என்று தாமே முன்வந்து சொன்ன அந்த மனிதரை நான் வணங்குகிறேன். மேகக்கரு கூடினால் துளி கூடும் என்பது நின்றது. மழை குறைந்தது என்பது நிற்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் துறை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உழைத்துக்கொண்டிருக்கிறது.

மேகக்கரு கூடினால் துளி கூடுவதைக் கடலில் செயற்கைக்கோளே பார்த்தது. கப்பல் புகை தாழ்ந்த மேகங்களில் நீண்ட வெண்கோடுகளை வரைவதை 1960களிலேயே படங்களில் கண்டார்கள். 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டதும் அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்தன.

இவையெல்லாம் குறுகிய காலக் காட்சிகள். என் மனத்துக்கு மிக நெருக்கமானது டாஸ்மேனியாவின் வடமேற்கு முனையில், கடலை நோக்கிய குன்றின்மேல் உள்ள கேப் கிரிம் நிலையம். 1976 முதல் அங்கே துகள்களை எண்ணுகிறார்கள், 1981 முதல் மேகக்கருவையும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நிலத்தையே தொடாமல் வருகிறது. அந்தக் காற்றில் மேகக்கரு கோடையில் கூடுகிறது, குளிர்காலத்தில் குறைகிறது. கோடையில் கடல் நுண்பாசிகள் வெளியிடும் கந்தக வாயு காற்றில் மாறித் துகளாகிறது. கடலின் உயிர்களே மேகத்தைப் பெருக்கிப் புவியின் வெப்பத்தை ஒழுங்குசெய்யக்கூடும் என்று சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரே, வாரன் ஆகிய நால்வரும் 1987இல் முன்வைத்த கருதுகோளைச் சோதிக்க இந்தப் பதிவுதான் கைகொடுத்தது. கேப் கிரிமின் எய்யர்ஸும் கிராஸும் 1991இல் மேகக்கருவும் நுண்பாசிக் கந்தகத்தின் விளைபொருளும் பருவத்துக்குப் பருவம் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். அந்தக் கருதுகோள் அதன் முழு வடிவில் இன்று ஏற்கப்படவில்லை. பதிவு மட்டும் தொடர்கிறது. கேட்பதற்கு ஆளில்லாத ஆண்டுகளிலும் அளந்துகொண்டே இருந்ததால்தான் கேள்வி வந்தபோது விடை இருந்தது.

நம் பக்கத்துக் கடலிலும் ஒரு பெருமுயற்சி நடந்தது. 1999இன் தொடக்க மாதங்களில் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வி. ராமநாதன் அதன் தலைமை அறிவியலாளர்களில் ஒருவர். மாலத்தீவின் காஷிதூ தீவில் நிலையம் அமைத்து, கப்பலிலும் விமானத்திலும் அளந்தார்கள். தெற்காசியாவிலிருந்து குளிர்காலக் காற்று கொண்டுவந்த பழுப்புப் புகைமண்டலம் வடக்கு இந்தியப் பெருங்கடலை மூடியிருந்தது. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனதும் காற்று தெளிந்தது. ஒரே பயணத்தில் அழுக்கு மேகத்தையும் தூய மேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் அமையாது.

புவி வெப்பமாதல் கணக்கிலும் மேகக்கரு எண்ணிக்கை பெரிய ஓட்டையாக இருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான நாடுகளிடை அரசுக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைப்படி 1750இலிருந்து 2019 வரை கார்பன் டை ஆக்சைடு மட்டும் சதுர மீட்டருக்கு 2.16 வாட் வெப்பத்தைக் கூட்டியிருக்கிறது. துகள்கள் நேராகவும் மேகத்தின் வழியாகவும் சேர்ந்து 1.1 வாட் குறைத்திருக்கின்றன. ஆனால் அந்த 1.1க்கு அறிக்கை தரும் வீச்சு 0.4 முதல் 1.7 வரை. அவ்வளவு அகலமான ஐயம். அதில் பெரும்பங்கு மேகத்திலிருந்து வருவது.

இனி செயற்கை மழைக்கு வருகிறேன். உங்களில் பலர் இதைக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள். 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் வறட்சி தாக்கியபோது தமிழ்நாடு அரசே மேக விதைப்பை மேற்கொண்டது. வறட்சி வரும்போதெல்லாம் அந்தக் கோரிக்கை மீண்டும் எழுகிறது. உழவரின் தவிப்பிலிருந்து எழும் கோரிக்கை அது. அதை மதிக்கிறேன். மதிப்பதனாலேயே அவர்களுக்கு உண்மையான எண்ணைத் தர வேண்டும் என்கிறேன்.

விதைப்பில் இருவகை உண்டு. குளிர்ந்த உயர்மேகத்தில் வெள்ளி அயோடைடு தூவிப் பனிப்படிகம் உண்டாக்குவது ஒன்று. அதற்குரிய பனிக்கருக்களை அளப்பது இதைவிடக் கடினம். சாதாரணத் துகள்களில் பத்து லட்சத்தில் ஒன்று அப்படி இருந்தாலே பெரிது. அதைத் தனியாகப் பேச வேண்டும். மற்றது, மேகத்தின் அடிப்பகுதியில் கால்சியம் குளோரைடு போன்ற ஈரமுறிஞ்சும் உப்பை எரித்து, இயற்கையாக இருப்பவற்றைவிடப் பெரிய மேகக்கருக்களை உள்ளே அனுப்புவது. பெரியவை முதலில் துளியாகி மோதலைத் தொடங்கி வைக்கும் என்பது எதிர்பார்ப்பு. அந்த மேகத்தில் ஏற்கெனவே எத்தனை மேகக்கரு, எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாமல் இதைச் செய்வதில் பொருளில்லை. தூய மேகத்தில் இயற்கையே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். 

புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009இல் விமானங்களில் மேகங்களையும் துகள்களையும் அளக்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் அளந்த பிறகுதான் 2018, 2019 பருவங்களில் மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் விதைத்துப் பார்த்தது. தேர்ந்தெடுத்த 276 மேகங்களில் எதை விதைப்பது, எதை விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, விதைத்த இடத்துக்குக் காற்றுப்போக்கில் நூறு சதுர கிலோமீட்டரில் சராசரியாக 18 விழுக்காடு மழை கூடியது. சில இடங்களில் 46 வரை. நான் இந்த ஆய்வை மதிப்பது 18 என்ற எண்ணுக்காக அன்று. அந்த எண்ணுக்குப் பின்னால் பத்தாண்டு அளவீடு இருக்கிறது, விதைக்காத மேகங்களும் கணக்கில் இருக்கின்றன. ஆனால் சோலாப்பூரின் 18ஐ எடுத்துவந்து இராமநாதபுரத்துக்குப் பொருத்த முடியாது. மேகமும் வேறு, காற்றும் வேறு.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக் கடலைக் கடந்து வரும் வடகிழக்குக் காற்றில் பெய்கிறது. அந்தக் காற்று கடல் உப்பையும் கொண்டுவருகிறது, வடக்கேயுள்ள நிலப்பரப்பின் புகையையும் கொண்டுவருகிறது. எந்த நாளில் எது எவ்வளவு என்பதைத் தொடர்ந்து எண்ணிய பதிவு கையில் இல்லாமல் நம் மேகங்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அது ஊகமே.

இந்தத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். கடற்கரையில் ஓர் இடத்தையும் மழைமறைவில் ஓர் இடத்தையும் தேர்ந்தெடுங்கள். மேகக்கருவையும் மொத்தத் துகளையும் அருகருகே எண்ணத் தொடங்குங்கள். மாதம் ஒரு முறை அம்மோனியம் சல்பேட்டால் சரிபார்க்கும் பொறுப்பை முதுகலை மாணவர்களிடம் கொடுங்கள். தரவை எல்லாருக்கும் திறந்து வையுங்கள். கருவி வாங்கப் பணம் ஒரு முறை கிடைத்துவிடும். அதை இருபது ஆண்டு ஓட்டுவதற்கான ஆளும் நிதியும் கிடைப்பதுதான் கடினம். அறக்கட்டளைகள் உதவ வேண்டியது அந்த இடத்தில். அடுத்த வடகிழக்குப் பருவத்துக்குள் முதல் எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள் என்று கேட்டு அமைகிறேன்.